“மாயப் புவி எங்க சேர் இருக்கு?”

இது கொஞ்சம் கணக்கு உள்ள பதிவு. வீட்டில் உயர்தரம் பௌதிகவியல் படிக்கும் பிள்ளை இருந்தால் பக்கத்தில் கூப்பிட்டு வைத்து வாசியுங்கள்.

செயற்பாட்டு விரியலாக்கிப் பாடத்தில் ‘மாயப் புவி’ என்று ஒன்று வரும். பிள்ளைகள் விளக்கம் எழுதிப் புள்ளி எடுத்துவிடுவார்கள். இம்முறை ஒரு மாணவி, “அது எங்க சேர் இருக்கு? எதுக்கு?” என்று கேட்டுவிட்டார். அதனால் அஸருக்குப் பிறகு நாலைந்து பேர் சேர்ந்து உட்கார்ந்தோம்.

கையில் இருந்தது, பழுதான சீடி பிளேயரில் கழற்றிய டி.டி.ஏ. 1541ஏ சிப். 1980களில் பிலிப்ஸ் செய்தது. சீடியில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு செக்கனுக்கு 44,100 இலக்கங்கள் வரும். அவற்றை மின்னாக மாற்றுவது இதன் வேலை. ஆனால் அது தருவது வோல்ட் அல்ல, மின்னோட்டம். ஆகக்கூடியது 4 மில்லி அம்பியர். அம்ப்ளிஃபயருக்கு வேண்டியதோ வோல்ட்.

“ஒரு தடையியப் போட்டா சரிதானே சேர்” என்றான் ஒருவன். நல்ல யோசனை. 1,500 ஓம் போட்டால் 6 வோல்ட். ஆனால் அந்த முனை 25 மில்லி வோல்ட்டுக்கு மேல் ஏறி இறங்கக் கூடாது என்கிறது சிப்பின் தரவுத்தாள். அதற்குள் நிற்பதானால் 6 ஓம்தான் போடலாம். கிடைப்பது வெறும் 24 மில்லி வோல்ட். அதை 250 மடங்கு பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்து பெருகும்.

ஆக, முனை பூச்சியத்திலேயே நிற்கவும் வேண்டும், ஓட்டம் போகவும் வேண்டும். விரியலாக்கியின் பிளஸ் பெய்ப்பைப் புவிக்குக் கொடுத்தோம். சிப்பை மைனஸ் பெய்ப்பில் இணைத்து, அங்கிருந்து பயப்புக்கு 1,500 ஓம். பாட்டு ஓடாதபோதும் சிப்பில் பாதி ஓட்டம், 2 மில்லி அம்பியர், போய்க்கொண்டிருக்கும். மல்டிமீற்றரை வைத்தோம். தடையியின் ஒரு பக்கம் 3 வோல்ட். சிப்பின் பக்கம் ஏறக்குறைய பூச்சியம். புவியோடு எந்த வயரும் இல்லை, ஆனாலும் பூச்சியம்! “இதுதானா சேர்!” என்றார் அந்த மாணவி.

பாடத்தில் வரும் 741 இதற்கு மந்தம். ஒரு மைக்ரோ செக்கனில் அரை வோல்ட்தான் ஏறும். கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போனவரிடம் சொல்லி என்.இ. 5534 எடுப்பித்தோம், அது பத்து மடங்குக்கு மேல் வேகம். தடையிக்குச் சமாந்தரமாக 2.2 நானோ பரட் கொள்ளளவி ஒன்று. காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் குப்பையை அது குறைக்கும். அந்த 3 வோல்ட்டைத் தடுக்கப் பயப்பில் இன்னொன்று.

முதலில் போட்டது நாகூர் ஹனிபா. அந்தக் குரலுக்கு இடது பக்கம் மட்டுமே போதுமாக இருந்தது.

“டியூசன் நேரத்துல இது தேவையா சேர்?” என்று ஒரு வாப்பா கேட்டார். நியாயமான கேள்விதான், பரீட்சைக்கு ஹனிபா வரமாட்டார். ஆனால் இந்தப் பாடத்தில் கணக்கை எப்படி மாற்றிக் கேட்டாலும் அந்தப் பிள்ளைகள் இனித் தடுமாற மாட்டார்கள் என்பது எங்கள் எண்ணம். அவரிடமும் அதைத்தான் சொன்னோம். மகனை நிறுத்தவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

வலது பக்கம் இன்னும் கட்ட வேண்டும். நமதூர் உப்புக் காற்றில் செத்துப்போன சீடி பிளேயர் வீட்டில் கிடந்தால் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். பிள்ளைகள் வந்து எடுத்துக்கொள்வார்கள்.