இறங்கும்போதும் அதே கியர்



வால்பாறையில் வாழ்ந்து வந்த எங்கள் பெரியத்தா மவுத்தாகிவிட்டார் என்ற செய்தி, ஃபஜ்ரு தொழுதுவிட்டு வீடு திரும்பும் வழியில் எங்களை எட்டியது. லுஹருக்குப் பின் அடக்கம். அத்தாவும் அம்மாவும் உறவினர் ஒருவரின் காரில் ஏறிக்கொள்ள, அதில் இடமில்லாத காரணத்தால் அண்ணன் தம்பியாகிய நாங்கள் இருவரும் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறத்தாழ 64 கிலோமீட்டர். ஆழியாறு அணையைக் கடந்ததும் மலைப்பாதை தொடங்குகிறது. 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் அதன் எண் எழுதப்பட்டிருக்கும்.

வாகனத்தில் அமர்ந்ததும் பயண துஆவை ஓதினோம். பிரேக்கை ஒருமுறை அழுத்திப் பார்க்கவில்லை.

ஏறும்போது எந்தக் குறையும் நேரவில்லை. ஏற்றத்தில் வண்டி தானே ஓட்டுபவரை அடக்கி வைக்கிறது. இரண்டாவது கியருக்கு மேல் போக விடுவதில்லை. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ என்னும் இடத்திலிருந்து பார்த்தால் ஆழியாறு நீர்த்தேக்கம் முழுவதும் கீழே விரிந்து கிடக்கும். மற்ற நாளென்றால் நின்றிருப்போம். அன்று நிற்கவில்லை. ஜனாஸா தொழுகையில் கலந்துகொண்டோம், மண் போட்டோம், பெரியம்மாவுக்கு ஆறுதல் சொன்னோம். அஸருக்குப் பிறகு, மூடுபனி இறங்குவதற்குள் மலையை விட்டு இறங்கிவிட வேண்டும் என்று கிளம்பினோம்.

பெட்ரோல் ரிசர்வுக்கு வந்திருந்தது. இறக்கம்தானே, எதற்கு இன்ஜின் என்று எங்களில் மூத்தவர் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, கியரை நியூட்ரலில் விட்டார். ஸ்கூட்டர் ஓட்டிய காலத்தில் பாலங்களில் இறங்கும்போது அத்தா செய்வதைப் பார்த்துப் பழகிய சிக்கனம் அது. இளையவர் பின்னால் அமர்ந்திருந்தார். தொழுகைத் தொப்பியின் மேல் ஹெல்மெட் சரியாக அமராது என்று அதைக் கையில் மாட்டியிருந்தார். எவ்வளவு அமைதியாக இறங்குகிறது பார் என்று பேசிக்கொண்டது இன்றும் நினைவிருக்கிறது.

பதினைந்து வளைவுகள் கடந்திருப்போம். ஏதோ கருகும் நாற்றம் வந்தது. முன்னால் சென்ற லாரியிலிருந்து வருகிறது என்று எண்ணினோம். அடுத்த வளைவை நெருங்கியபோது மூத்தவர் கால் பிரேக்கை முழு வலுவுடன் மிதித்தார். கட்டை போல் நின்றதே தவிர, வேகம் குறையவில்லை. முன் பிரேக்கைப் பிடித்தார். பிடி மெத்தென்று கைப்பிடி வரை வந்துவிட்டது. வளைவுக்கு அப்பால் பேருந்தின் ஹாரன் ஒலித்தது. பதிலுக்கு ஒலிக்க எங்களிடம் ஹாரனும் இல்லை. சாவியை அணைத்த கணத்திலேயே அதையும் சேர்த்து அணைத்திருந்தோம்.

அந்தச் சில நொடிகளில் மூத்தவர் சாவியைத் திருப்பி, கியரைத் தட்டி, கிளட்சை விட்டார். வண்டி குலுங்கி உறுமி வேகம் இழந்தது. மலைச்சுவர் எங்கள் இடப்பக்கம் இருந்தது. அதன் ஓரத்து வடிகாலில் சாய்ந்து விழுந்தோம். ஒரு கண்ணாடி உடைந்தது. முழங்காலில் தோல் உரிந்தது. இளையவரின் தலை, வடிகால் கல்லுக்கு ஒரு சாண் தள்ளி மண்ணில் பட்டது. அல்ஹம்துலில்லாஹ். அதே வளைவு வலப்புறம் சரிவாக இருந்து நாங்கள் அந்தப் பக்கம் ஒதுங்கியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை நாங்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதில்லை.

மேலேறி வந்த பேருந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து சக்கரத்தின் அருகே கையை நீட்டிப் பார்த்தார். இளையவர் தண்ணீர்ப் புட்டியைத் திறக்கப் போக, தடுத்தார். கொதிக்கும் இரும்பில் தண்ணீர் பட்டால் விரிசல் விழும், வளையும். தானாக ஆற வேண்டும் என்றார். பிறகு, "ஏறயில எந்த கியர்ல வந்தீங்க தம்பி? எறங்கயிலயும் அதே கியர்ல எறங்கோணும்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார். பயணிகள் காத்திருந்தார்கள்.

அரை மணி நேரம் அங்கேயே அமர்ந்திருந்தோம். வண்டியும் நாங்கள் இருவருமாகச் சுமார் 270 கிலோ. அந்த எடை 700 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 5 லிட்டருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கியரில் இறங்கினால் இன்ஜின் அதில் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்கிறது. நியூட்ரலில் விட்டால் அத்தனை வெப்பமும் உள்ளங்கை அளவுள்ள பிரேக் கட்டைகளின் மீது விழுகிறது. சூடேறிய கட்டை பிடிமானத்தை இழக்கிறது. முன் டிஸ்க்கில் உள்ள பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் தன்மையுடையது. பழைய ஆயில் குறைந்த சூட்டிலேயே கொதித்துக் குமிழி விடும். குமிழி அழுந்தும், பிரேக் அழுந்தாது. எங்கள் வண்டியில் அந்த ஆயிலை வாங்கிய நாள் முதல் மாற்றியதே இல்லை என்பதை மறுநாள் மெக்கானிக் சொல்லித்தான் அறிந்தோம். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டுமாம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொல்லும் நபிமொழியை எத்தனை ஜும்ஆ மேடைகளில் கேட்டிருப்போம்! அன்று எங்கள் ஒட்டகத்தின் கயிறு அந்த இரண்டாவது கியர். முப்பது நாற்பது ரூபாய் பெட்ரோலுக்காக அதை நாங்களே அவிழ்த்து விட்டோம். அவிழ்த்தபோது துஆ ஓதியிருக்கிறோம் என்ற தைரியமும் மனத்தில் இருந்தது. இதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

அதன் பிறகு மலைக்குச் செல்லும்போது வேறு சிலவற்றையும் கவனித்துப் பழகியிருக்கிறோம். வேகத்தை வளைவுக்குள் குறைக்காமல், நுழைவதற்கு முன்பே குறைத்துக் கியரையும் மாற்றிவிட வேண்டும். வளைவின் நடுவே மணலோ ஈர இலையோ கிடக்கும்போது பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். பேருந்து கொண்டை ஊசியில் திரும்ப முழுச் சாலையும் வேண்டும். அதற்கு முன்பே நின்று, ஏறி வருபவருக்கு வழிவிட வேண்டும். இடையில் நுழைந்துவிடலாம் என்று தோன்றும். நுழைந்தால் அதன் பின்பகுதி நம் மீது வீசி வரும். மூடுபனியில் ஹை பீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். லோ பீமே உதவும்.

பின்னால் அமரும் நம் வீட்டுப் பெண்களுக்காக ஒன்று. அபாயாவின் விளிம்பும் துப்பட்டாவின் முனையும் செயினிலோ சக்கரத்திலோ சிக்குவது சமதளத்திலேயே ஆபத்து. வளைவில் இன்னும் மோசம். ஏறியதும் துணியை மடித்து அடியில் வைத்துக்கொண்டு அமரட்டும். சாரி கார்டைக் கழற்றிவிட்டு அழகு பார்க்கும் இளைஞர்கள் அதைத் திரும்ப மாட்டட்டும். வளையும்போது பயந்து எதிர்ப்பக்கம் சாயாமல், ஓட்டுபவரோடு சேர்ந்து சாயவும் சொல்லிக் கொடுங்கள்.

அன்று ஆறிய பிரேக்கோடு, இரண்டாவது கியரில், இருவருமே ஹெல்மெட் அணிந்து, எஞ்சிய வளைவுகளை இறங்கினோம். மேடேறும்போது தக்பீரும் இறங்கும்போது தஸ்பீஹும் சொல்வது சஹாபாக்களின் வழக்கம். ஒவ்வொரு வளைவிலும் ஸுப்ஹானல்லாஹ் சொன்னோம், குரல் நடுங்கியது.

ஏன் இவ்வளவு நேரம் என்று அம்மா கேட்டபோது, டயர் பஞ்சர் என்றோம். அடக்கம் செய்துவிட்டு வந்த நாளிலேயே பொய். இந்தப் பக்கத்தை அம்மா படிப்பதில்லை. தங்கை படிப்பாள், நாளைக் காலைக்குள் சொல்லியும் விடுவாள். எனவே இன்று இஷாவுக்குப் பிறகு நாங்களே அம்மாவிடம் போய் உட்கார இருக்கிறோம்.