கடற்காற்றும் கம்பிச் சுருளும்

கொழும்பிலிருந்து வடக்கே செல்லும் வீதி கொச்சிக்கடையில் மா ஓயாவைக் கடந்ததும் நாம் புத்தளம் மாவட்டத்துள் பிரவேசிக்கிறோம். வென்னப்புவ, மாரவில, மாதம்பை என்று ஊர்கள் மாறுகின்றன. தென்னஞ்சோலை மட்டும் மாறுவதில்லை. இவ்வழியே செல்வோருட் பெரும்பாலார் முன்னேஸ்வரப் பெருமானைத் தரிசிக்கச் செல்பவர்; அன்றேல் தலவில் புனித அன்னம்மாள் திருநாளுக்குச் செல்பவர். கற்பிட்டிக் கடலில் ஓங்கில் பார்க்கச் செல்லும் வெளிநாட்டாரும் உளர். மின்சாரத்தின் பொருட்டு இக்கரையைச் சுற்றிப் பார்க்கப் புறப்படுவோர் அரியர். ஆயினும் விஞ்ஞானம் பயிலும் மாணவனுக்கு இதனினும் சிறந்த பாடசாலை நம் நாட்டில் எளிதிற் கிடையாது என்பது என் எண்ணம்.

பிறர் கழித்தெறிந்த சாமான்களைச் சேகரித்து, பெரியதொரு டெஸ்லா சுருளைத் தம் கையாலேயே செய்து, அதன் உச்சியிலிருந்து இரண்டு முழ நீளத்துக்கு மின்னற் கீற்றுகளைப் பறக்கவிடும் ஆர்வலர் உலகின் பல நாடுகளிலும் இருக்கின்றனர். விளையாட்டுப் பிள்ளைகளின் வேலை என்று இதை ஒதுக்கிவிடலாகாது. இலங்கை வானொலியின் பிறப்பே அத்தகைய ஒரு வேலைதான். 1923 ஆம் ஆண்டில் தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக விளங்கிய எட்வேர்ட் ஹார்ப்பரும் அவருடைய உதவியாளரும், முதல் உலகப் போரிற் கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளைக்கொண்டு சிறிய அலைபரப்பி ஒன்றை அமைத்தனர். கொழும்பு மத்திய தந்தி நிலையத்தின் ஓர் அறையிலிருந்து கிராமபோன் இசை காற்றில் ஏறிற்று. 1925 டிசம்பர் 16 ஆம் நாள் முறையான ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. பின்னாளில் தமிழகத்து வீடுகளிலெல்லாம் இலங்கை வானொலியின் தமிழ் ஒலித்ததே, அந்தப் பெரு விருட்சத்தின் வித்து ஒரு பழைய கப்பலின் கழிவு.

இந்த வீதியிலேயே அதன் வளர்ச்சியைக் காணலாம். ஜா-எலவைத் தாண்டும்போது கிழக்கே ஏக்கல இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலப் படையினருக்கென ஏற்பட்ட வானொலியின் நூறு கிலோவாற்று அலைபரப்பி அங்கே நிறுவப்பட்டுப் பின்னர் இலங்கை வானொலியின் வசமாயிற்று. 1951 இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி ‘அமெரிக்காவின் குரல்’ அங்கிருந்தே ஒலித்தது. அதைவிடப் பெரிய நிலையமொன்று வேண்டுமென்ற முயற்சி 1980-களில் எழுந்தபோது, சிலாபத்துக்குத் தெற்கே கடலோரமான இரணவில தெரிந்தெடுக்கப்பட்டது. அங்கு வாழ்ந்த மீனவரும் அவர்களுடைய கத்தோலிக்கக் குருமாரும் அதனை எதிர்த்துக் கிளர்ந்தனர். நம் அயல்நாடும் ஐயுற்றது. 1987 ஜூலை 29 இல் இந்திய இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களில், அந்நிய ஒலிபரப்பு நிலையங்கள் இராணுவ, உளவு நோக்கங்களுக்குப் பயன்படலாகாது என்ற வாசகமும் இடம்பெற்றமை இதன் காரணமாகவே. எதிர்ப்பையும் மீறி நிலையம் எழுந்தது. 250 கிலோவாற்று வலுவும் அதற்கு மேலும் கொண்ட சிற்றலைகள் கடல் கடந்தன. 2010-களில் அதுவும் மூடப்பட்டது. இத்துணை வழக்குக்குள்ளான நிலையம் இருபது ஆண்டளவேனும் நிலைத்துப் பேசவில்லை என்பதை எண்ணும்போது, வீடிழந்த மீனவர் பக்கமே என் மனம் சாய்கிறது.

அதற்கெனக் கடலோரத்தையே நாடியது ஏன்? உப்பு நீர் மின்னைக் கடத்தும். கடற்பரப்பு வானொலி அலைகளுக்கு நல்ல கண்ணாடி. இந்த உப்பே நம் சுருள் கட்டுவோனுக்கும் நண்பன், பகைவன் ஆகிய இரண்டுமாவதைக் காட்டவே இத்தனை தூரம் வந்தோம்.

1891 இல் நிக்கோலா டெஸ்லா வகுத்த சுருளின் தத்துவம் ஊஞ்சலின் தத்துவமே. ஊஞ்சலை அதன் வேகத்துக்கு இசையத் தள்ளினால் சிறு குழந்தையும் உயர ஆட்டிவிடும். பாடநூல்கள் இதனைப் பரிவு என்னும். தடித்த செப்புக் குழாயைப் பத்துப் பன்னிரண்டு சுற்றுக்களாக வளைத்தது முதற்சுருள். அதனுடன் கொள்ளளவி ஒன்றும் பொறியிடைவெளி ஒன்றும் இணையும். நடுவே நிமிர்ந்து நிற்பது இரண்டாம் சுருள். 110 மில்லிமீற்றர் பிவிசி குழாயில், எனாமல் பூசிய அரை மில்லிமீற்றர்க் கம்பியை ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவாறு ஆயிரம் சுற்றுச் சுற்றினால் அரை மீற்றர் உயரமாகும். கம்பியோ ஏறத்தாழ 350 மீற்றர் செலவாகும். உச்சியில் வடை வடிவான அலுமினிய வளையம் ஒன்றை வைத்தால், இவ்வூஞ்சல் விநாடிக்கு இரண்டு இலட்சம் தடவைக்கு மேல் ஆடும். இரண்டு சுருளும் ஒரே தாளத்தில் ஆடும்வரை முதற்சுருளின் இணைப்பை அங்குலம் அங்குலமாக மாற்றிக்கொண்டிருப்பதே இதில் பொறுமையைச் சோதிக்கும் வேலை.

பொருள்களுக்கு எங்கே போவது? சிலாபம் மீன்பிடித் துறையாதலால் ஐஸ் ஆலைகளுக்கும் குளிர்சாதனம் திருத்துவோருக்கும் அங்கு வேலையுண்டு. செப்புக் குழாய்த் துண்டுகள் அவர்களிடம் விழும். நியோன் விளக்குப் பலகைகள் வழக்கொழிந்து வருவதால் அவற்றின் பழைய மின்மாற்றிகள் இரும்புக் கடைகளை அடைகின்றன. பதினையாயிரம் வோல்ற்று வரை தரும் கனமான இரும்பு மாற்றியே உகந்தது. இலேசான புதுவகை உதவாது. எரிந்த மோட்டாரிலிருந்து உரித்த கம்பியை இரண்டாம் சுருளுக்குச் சுற்றுவது வீண். அதன் எனாமல் வெடித்திருக்கும். ஒரு சுற்றுக் கெட்டால் ஆயிரமும் கெடும். மைக்ரோவேவ் அடுப்பின் மின்மாற்றி மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்படுவோர் பலர். அது ஒரு நொடியில் உயிரைக் குடிக்கும் வலு வாய்ந்தது. மாணவர் அதனைத் தொடாதிருக்கக் கடவர். பழைய கொள்ளளவிகள் சிலவற்றில் நச்சு எண்ணெய் உண்டு. ஒழுகுவதை வீட்டுக்குக் கொணரலாகாது. ஆசிரியரோ அனுபவமுள்ள மின்னியலாளரோ அருகில் இல்லாமல் ஆளியைப் போடவும் கூடாது. நிறுத்திய பின்னரும் கொள்ளளவி மின்னைச் சேமித்து வைத்திருக்கும் என்பதை வீட்டார் யாவரும் அறிந்திருக்க வேண்டும்.

இனி உப்புக்கு வருவோம். இரண்டாம் சுருளின் அடிமுனைக்கு, வீட்டு மின்னிணைப்போடு சேராத தனியான புவித்தொடுப்பு வேண்டும். உலர்ந்த மணல் மின்னை எளிதில் ஏற்காது. ஆனால் இக்கரையில் சற்று ஆழம் தோண்டினாலே உவர்நீர் ஊறும். செப்புக் கோலொன்றை அந்த ஈரம் வரை இறக்கினால் உள்நாட்டுச் செம்மண்ணினும் நல்ல தொடுப்பு வாய்க்கும். கீழே இவ்வாறு உதவும் உப்பு மேலே துரோகம் செய்கிறது. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் புத்தளத்தில் மழை இல்லை, காற்று மாத்திரம் உண்டு. அது கொணரும் உப்புத்தூள் குழாய்மீது படிந்து, கழுவ மழையின்றி அப்படியே இருக்கும். இரவில் ஈரமேறியதும் அப்படிவு மின்னுக்குப் பாதையாகிவிடும். உச்சியிற் பறக்க வேண்டிய பொறி சுருளின் உடம்பிலேயே கருந்தடம் எரித்து இறங்கும். உப்பளத்தார் விரும்பும் மாதங்களைச் சுருள் கட்டுவோன் தவிர்க்கவேண்டியவனாகிறான். சுருளுக்கு மேற்பூச்சாக நல்ல வார்னிஷ் பல தடவை இட்டு, ஆட்டுமுன் நன்னீர்த் துணியால் துடைத்துக் காயவிடுதல் ஓரளவு காக்கும்.

மற்றொரு கடமையும் உண்டு. பொறி பறக்கும் டெஸ்லா சுருள் ஆதிகால வானொலி அலைபரப்பியின் நெருங்கிய உறவினன். 1912 இல் மூழ்கிய டைட்டானிக் கப்பல் அபயக் குரல் எழுப்பியதும் பொறி அலைபரப்பியாலேயே. அவ்வகைக் கருவி ஒன்று கூவினால் அயலிலுள்ள பிறர் பேச்சுக் கேளாது போகும். அதனாலேயே 1927 இல் வாஷிங்டனிற் கூடிய மாநாடு அவற்றைப் படிப்படியாக விலக்க விதித்தது. சிலாபத்திலிருந்து பல நாட் பயணமாக ஆழ்கடலுக்குச் செல்லும் படகுகள் வானொலியையே நம்பியிருக்கின்றன. உடப்பு போன்ற தமிழ்க் கிராமங்களில் கரையிலிருப்போர் கடலிலிருப்போரின் குரலுக்காகக் காத்திருப்பதும் வழக்கம். எனவே நிலத்தில் தொடுத்த உலோக வலைக்கூண்டுக்குள்ளேயே சுருளை ஆட்டவேண்டும். அதுவும் சில விநாடிகளே. கூண்டு கட்டச் சோம்புவோன் சுருளும் கட்டாதிருத்தல் நன்று.

உப்பு பெரியோரையும் விட்டுவைப்பதில்லை. பாலாவிச் சந்தியில் இறங்கிக் கற்பிட்டி பஸ்ஸில் ஏறினால், மாம்புரிக் காற்றாலைகளும் நுரைச்சோலை அனல்மின் நிலையமும் வழியிலே தோன்றும். 2011 முதல் மின் தரத் தொடங்கிய அந்நிலையம், ஒவ்வொன்றும் 300 மெகாவாற்று வலுவுள்ள மூன்று அலகுகளைக் கொண்டது. அங்கிருந்து 220 கிலோவோல்ற்றுக் கம்பிகள் உயர்ந்த கோபுரங்களில் உள்நாடு நோக்கிச் செல்கின்றன. கம்பியைத் தாங்கும் காப்பிகள் மடிப்பு மடிப்பாக அமைந்திருப்பதை உற்று நோக்குக. மேற்பரப்பில் மின் ஊர்ந்து செல்லும் வழியை நீட்டுவதற்கே அம்மடிப்புகள்; உப்புக் காற்று வீசும் கரைகளில் அவ்வழியை இன்னும் நீட்டுவது மின்பொறியியலாளர் வழக்கம். காற்றடங்கி ஈரம் படியும் அந்திவேளையில் வீதியோரமாக, கம்பிகளுக்கு வெகுதூரம் விலகி நின்று செவிகொடுத்தால் மெல்லிய இரைச்சல் கேட்கும். கம்பியைச் சுற்றிய காற்றுக்குள் மின் சிறிது சிறிதாகக் கசியும் ஓசை அது. பிள்ளைகளோடு செல்வோர் புத்தளம் திரும்பும் கடைசி பஸ்ஸின் நேரத்தை முன்னரே கேட்டறிந்து கொள்க.