வளவுக்குள் வந்த பட்டறை

கோவிலூரில் எங்கள் வீட்டு வளவிலேயே என் வீட்டுக்காரர் தச்சுப்பட்டறை போட்டபோது எனக்கும் பெருமைதான். பழைய பர்மா தேக்குக் கதவுகளை வாங்கி, இழைப்புளியும் உளியுமாக நாற்காலி செய்வார். மாதக் கடைசியில் அந்தப் பணம் கைகொடுத்தது.

ஆனால் சின்னவளுக்கு ராத்திரியானால் இழுப்பு. "ஆத்தா, மூச்சு முட்டுது"ன்னு அழுவாள். பனி என்றே நினைத்தேன். டாக்டரம்மாதான், "வீட்டில் மரத்தூள் பறக்குதா?" என்று கேட்டார். தினமும் விளக்குமாற்றால் பெருக்கி அதைப் பறக்கவிட்டதே நான்தானே! மரத்தூள் மூக்கில் புற்றுநோய்கூட உண்டாக்கும் என்று 1995-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சொல்லிவிட்டதாம்.

மறுநாளே பட்டறை பின்னாலிருந்த காலி மாட்டுக்கொட்டிலுக்குப் போயிற்று. இப்போது தூளை ஈரத்துணியால்தான் துடைக்கிறோம். அப்பச்சி குளித்த பிறகே மகளைத் தூக்குவார். இழுப்பும் குறைந்திருக்கிறது. சகோதரிகளே, பட்டறை வேண்டாமென்று சொல்லாதீர்கள். குழந்தை தூங்குமிடத்தை விட்டுத் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.