கிரஹாமுக்கு ஊர், நமக்கு இனிஷியல்

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ‘சர்நேம்’ என்ற கட்டம் வந்ததும் எங்கள் மொரப்பூர் பிரவுசிங் சென்டரில் ஒரு சின்னப் பஞ்சாயத்து நடக்கும். “அப்பா பேரைப் போட்டுருங்கண்ணா” என்பான் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் தம்பி. “துபாய் போறது நானா, எங்கப்பனா?” என்பார் வந்தவர். இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் படும்.

சர்நேமோடு வந்தவர்களையும் எங்கள் பக்கம் பார்த்திருக்கிறது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் கையை விட்டு ஆங்கிலேயரிடம் போனது, மொரப்பூரும் சேர்ந்த இந்தப் பாராமகால் சீமை. இதை நிர்வகிக்க வந்த கேப்டன் அலெக்சாண்டர் ரீடுக்கு உதவியாளர்கள் மூவர்: மன்றோ, மெக்லியாட், கிரஹாம். மன்றோவைத் தர்மபுரி மறக்கவில்லை. என் கண் கிரஹாம் மேல்தான் போகிறது, அதுவும் அவர் பெயருக்காக.

இங்கிலாந்தில் லிங்கன்ஷயரில் கிரான்தம் என்றொரு ஊர். நியூட்டன் பள்ளியில் படித்ததும் மார்கரெட் தாட்சர் பிறந்ததும் அங்கேதான். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்து, யாரிடம் எவ்வளவு நிலம் என்று 1086இல் கணக்கெடுத்தபோது அந்த ஊர்ப் பெயரைப் பல விதமாக எழுதிவைத்தார்கள். அதில் ஒரு விதம் ‘கிரஹாம்’. அந்தப் பெயரைத் தாங்கிய வில்லியம் டி கிரஹாம் என்ற நார்மன் பிரபு, ஸ்காட்லாந்து மன்னன் முதலாம் டேவிட்டின் ஆளாக வடக்கே போனார். டேவிட் இங்கிலாந்து அரசவையில் வளர்ந்தவன். அரியணை ஏறியதும் தனக்குப் பழக்கமான நார்மன்களைக் கூட்டிப்போய் நிலம் கொடுத்தான். வில்லியமுக்கு அபர்கார்னும் டால்கீத்தும் கிடைத்தன. 1128 வாக்கில் எழுதப்பட்ட ஹோலிரூட் மடத்துச் சாசனத்தில் சாட்சிகளில் ஒருவராக அவர் பெயர் இருக்கிறது.

ஊரை விட்டுப் போன பிறகும் ஊர்ப் பெயர் விடவில்லை. போன இடத்தில் புது நிலம், புது மொழி. பெயர் மட்டும் பழைய ஊருடையது. அந்த வம்சத்தில் மான்ட்ரோஸ் பிரபுக்கள் வந்தார்கள். ஒருவர் 1650இல் தூக்கில் தொங்கினார். பின்னால் வந்தவர் 1707இல் டியூக் ஆனார். பெயர் ஒன்று என்பதால் ரத்தமும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்காட்லாந்தில் பிரபுவின் நிலத்தை உழுதவனும் பிரபுவின் பெயரையே வைத்துக்கொண்டது உண்டு.

மெக்லியாட் கதை வேறு. ‘லியாட் மகன்’ என்று யாரோ ஒருவனைச் சொன்னது, பேரன் கொள்ளுப்பேரன் எல்லோர் மேலும் அப்படியே ஒட்டிக்கொண்டது. நம் பட்டாவில் ‘த/பெ’ என்று போடுவது போலத்தான். ஆனால் நம்முடையது ஒரு தலைமுறைக்கு மேல் தங்குவதில்லை. மகனுக்கு நான் இனிஷியல். பேரன் பெயரில் எனக்கு இடமே கிடையாது.

எங்கள் வீட்டுப் பழைய பத்திரத்தில் தாத்தா பெயருக்குப் பின்னால் சாதிப் பெயர் இருக்கிறது. அப்பா வாங்கிய காட்டின் பத்திரத்தில் இல்லை. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விடச் சொன்னது, மெல்ல மெல்ல எங்கள் பத்திர எழுத்தர் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. கிரஹாமுக்குத் தொள்ளாயிரம் வருஷத்து ஊர் இருக்கிறது, எனக்குக் கொள்ளுத்தாத்தா பெயரே தெரியாது. அது ஒரு நஷ்டம்தான். என்றாலும் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் சாதியைத் தெரிந்துகொள்ள முடியாத சௌகரியத்துக்கு அந்த நஷ்டத்தைத் தாராளமாகப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

ஆனால் விசா கொடுப்பவர்களுக்கு இந்தக் கதையெல்லாம் தேவையில்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசா இல்லை என்றது. அப்பா பெயர் பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு இறங்கிவந்தார்கள். ஆகவே வெளிநாடு போகும் எண்ணம் இருப்பவர்கள் அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். இனிஷியலை முழுசாக விரித்து அப்பா பெயரையே எழுதுங்கள்; ஆதாரிலும் அதே எழுத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.