கடலுக்கு அழைத்தேன், மலைக்குப் போனார்!

‘திருச்செ’ என்று தட்டியதுமே செல்போன் முந்திக்கொண்டது. கவனிக்காமல் அனுப்பிவிட்டேன்.

ஞாயிறு காலை, திருச்செந்தூர். கடலில் குளித்து, நாழிக்கிணற்றில் நீராடிய பிறகும் அம்மாவின் கண்கள் தங்கையையே தேடின. இருவரும் பார்த்து மூன்று வருஷம்.

போன் போட்டால், ஈரோட்டுச் சித்திக்கு மூச்சு வாங்கியது. “எங்கடா இருக்கீங்க? 1,200 படி ஏறி வந்துட்டேன்!”

கடற்கரையில் ஏது அத்தனை படி? அனுப்பியதைப் பார்த்தேன்: ‘திருச்செங்கோடு வந்துடுங்க சித்தி.’ நாமக்கல் மாவட்டத்து மலைக்கோயில், அங்கே அர்த்தநாரீஸ்வரர்.

அம்மா முகம் வாடியது. சித்தியோ சிரித்தார். “நீங்க முருகனைப் பாருங்க. நான் அவனோட அப்பா, அம்மாவை ஒரே உருவத்துல பார்த்துட்டேன்!”

அம்மா போனைப் பிடுங்கினார். “பன்னீர் இலை விபூதியோட நாளைக்கே வர்றேன்டி.”

‘ஈரோடு’ என்று தட்டிவிட்டு, இரண்டு முறை வாசித்த பிறகே அனுப்பினேன்.