ஐஸ் கரையும் வரை

விடியற்காலையில் வானகரம் மீன் சந்தைக்குப் போனதுண்டா, நேயர்களே? இல்லையென்றால் ஒரு முறை போய்ப் பாருங்கள். பழைய செருப்பாகப் போட்டுக்கொண்டு போங்கள். வண்டி வண்டியாக மீன் வந்து இறங்கும். காலடியெல்லாம் ஐஸ் தண்ணீர்!

சென்ற வாரம் அங்கே ஓர் அம்மாளைப் பார்த்தேன். அறுபது வயதிருக்கும். ஆவடிப் பக்கம் தெருத் தெருவாக மீன் விற்கிறவர். மீனுக்குச் சரி பாதி ஐஸை அள்ளிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். சுமக்கப்போவது அவர்தானே? எனக்கு மனசு கேட்கவில்லை.

"இத்தனை எதுக்கும்மா? தண்ணிதானே!" என்று கேட்டுவைத்தேன்.

"தண்ணிதான் கண்ணு. இது கரையிற வரைக்கும் நான் மொதலாளி. கரைஞ்சுதுன்னா கடன்காரி" என்றார்.

கல்லூரியில் மூன்று வருஷம் ரசாயனம் படித்தவள் நான். வெட்கமாகப் போய்விட்டது.

தண்ணீரில் ஹைட்ரஜன் இரண்டு, ஆக்ஸிஜன் ஒன்று என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் ஒரு பொருளின் குணம், அதற்குள் என்ன இருக்கிறது என்பதோடு முடிவதில்லை. அதன் மூலக்கூறு பக்கத்து மூலக்கூறை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்பதையும் பொறுத்தது. ஆக்ஸிஜன் பேராசைக்காரன், எலெக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அதனால் அதன் மேல் கொஞ்சம் எதிர் மின்சாரம், ஹைட்ரஜன் மேல் கொஞ்சம் நேர் மின்சாரம். இந்த மூலக்கூறின் ஹைட்ரஜன் அடுத்த மூலக்கூறின் ஆக்ஸிஜனைப் பற்றிக்கொள்கிறது. ஹைட்ரஜன் பிணைப்பு என்று இதற்குப் பெயர்.

ஆக்ஸிஜன் இருந்த இடத்தில் அதன் உறவுக்காரனான கந்தகத்தை வையுங்கள். அழுகல் முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வரும். மூலக்கூறு தண்ணீரைவிட ஏறக்குறைய இரு மடங்கு கனம். ஆனாலும் பூஜ்யத்துக்குக் கீழே 60 டிகிரியிலேயே கொதித்து வாயுவாகிவிடுகிறது! இறுக்கிப் பிடிக்க அதற்குத் தெம்பில்லை. தண்ணீருக்கோ 100 டிகிரி வேண்டும்.

ஐஸில் ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு பேரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. (இடைவெளி விட்டு நிற்பதால்தான் ஐஸ் மிதக்கிறது.) அந்தப் பிடியைத் தளர்த்தச் சூடு செலவாகும். ஒரு கிலோ ஐஸ், பூஜ்ய டிகிரியிலேயே நின்றுகொண்டு வெறுமே உருகுவதற்கு விழுங்கும் சூட்டில், அப்படி உருகிய தண்ணீரை 80 டிகிரி வரை காய்ச்சிவிடலாம்! மீனைத் தாக்க வேண்டிய வெயிலைத்தான் அது விழுங்குகிறது. ஐஸுக்குப் பதில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றியிருந்தால் சீக்கிரமே வெதுவெதுப்பாகியிருக்கும்.

இந்தப் பிடிவாதத்தை நம்பிக் கப்பலே விட்டார் ஒருவர். பாஸ்டன் நகரத்து பிரெடெரிக் டியூடர், 1833-ல் 180 டன் ஐஸைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதப் பிரயாணம். பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்ட வேண்டும். அப்படியும் சுமார் 100 டன் மிஞ்சியது! மெரினாவுக்கு எதிரே விவேகானந்தர் இல்லம் இருக்கிறதே, அது 1842-ல் அவருடைய ஐஸை வைப்பதற்காகக் கட்டிய 'ஐஸ் ஹவுஸ்'தான்.

டியூடரைப் பற்றி அந்த அம்மாளிடம் நான் சொல்லவில்லை. அவருக்கு நேரமேது? இன்னும் இரண்டு கை ஐஸை அள்ளிப் போட்டு, ஈரச் சாக்கால் மூடிக் கட்டினார். தூக்கிவிட நானும் ஒரு கை கொடுத்தேன். நல்ல கனம். ஷேர் ஆட்டோ கிளம்பும்போது மணி ஆறு. பெட்டியின் மூலையிலிருந்து அதற்குள் தண்ணீர் சொட்ட ஆரம்பித்திருந்தது.