முதல் சுற்றைப் பார், தம்பி

மார்ச் மாதம் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டி தொடங்கினால் நீயும் உன் கூட்டாளிகளும் ராத்திரி முழுக்க டி.வி. முன்னால்தான். உட்காருங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இறுதி ஆட்டத்தைவிட முதல் சுற்று நடக்கும் அந்த வியாழனும் வெள்ளியும்தான் உங்கள் வயதுப் பிள்ளைகள் பார்க்க வேண்டியவை என்பது என் எண்ணம். ஆனால், யார் ஜெயிப்பார்கள் என்று முன்கூட்டியே நிரப்பிய தாளை மடியில் வைத்துக்கொண்டு, சரி தப்பு போடுவதற்காக மட்டும் பார்த்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

மொத்தம் 68 அணிகள். தோற்றால் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான். மண்டலத் தரவரிசையின் முதலிடத்து அணியோடு 16ஆம் இடத்து அணி மோதும் ஆட்டத்தை யாரும் ஆட்டமாகவே எண்ணுவதில்லை. 1985 முதல் ஆண்கள் போட்டியில் அப்படி நடந்த 135 ஆட்டங்களிலும் முதலிடத்து அணிதான் ஜெயித்திருந்தது. 2018 மார்ச் 16 அன்று, சார்லட் நகரில் அது உடைந்தது. மேரிலாண்டின் யு.எம்.பி.சி. கல்லூரி, அந்த ஆண்டு நாட்டிலேயே முதல் அணியாக இருந்த வர்ஜீனியாவை 74-54 என்று சாய்த்தது. (பெண்கள் இதை 20 ஆண்டுக்கு முன்பே செய்துவிட்டார்கள். 1998இல் ஹார்வர்டு அணி, ஸ்டான்ஃபோர்டை அதன் சொந்த மைதானத்திலேயே 71-67 என்று ஜெயித்தது. உன் தங்கச்சிக்கு அவசியம் சொல்.)

யு.எம்.பி.சி.யின் வெற்றியை அதிர்ஷ்டம் என்று நீ சொன்னாய். எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. இடைவேளையில் 21-21 என்று சமமாக இருந்த ஆட்டம் அது. முழு ஆட்டத்துக்கும் சேர்த்தே எதிரிக்குச் சராசரியாக 54 புள்ளிபோலத்தான் விட்டுக்கொடுக்கும் வர்ஜீனியாவிடம், அந்தப் பையன்கள் இரண்டாம் பாதியில் மட்டும் 53 எடுத்தார்கள். ஜைரஸ் லைல்ஸ் ஒருவனே மொத்தம் 28. இருபது நிமிடம் இடைவிடாமல் அதிர்ஷ்டம் அடிக்குமா? அதே அணி அந்த ஜனவரியில் ஆல்பனியிடம் 44 புள்ளி வித்தியாசத்தில் தோற்றிருந்தது. அப்படி அடிவாங்கிய பிறகும் விடாமல் ஆடியவர்கள் அவர்கள். அதைப் பார்க்காமல் அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடுவது அநியாயம்.

இனி தோற்றவர்களைப் பார். ஊரே சிரித்தது. வர்ஜீனியாவின் பயிற்சியாளர் டோனி பென்னட் சாக்குச் சொல்லவில்லை, எதிரணி தங்களைவிட நன்றாக ஆடியது என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். கைல் கை என்ற ஆட்டக்காரன், அன்று மைதானத்தில் குனிந்து நின்ற தன் படத்தையே செல்போன் முகப்பில் வைத்துக்கொண்டான். அடுத்த ஆண்டு அரையிறுதியில் ஆபர்ன் அணியிடம் இரண்டு புள்ளி பின்தங்கி, 0.6 விநாடி மிச்சமிருந்தபோது அவனுக்கு மூன்று ஃப்ரீ த்ரோ கிடைத்தது. மூன்றையும் போட்டான். 63-62. இரண்டு நாள் கழித்துக் கோப்பையும் அவர்களுக்கே.

எல்லோரும் அந்த மூன்று ஃப்ரீ த்ரோவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். என் மனசில் நிற்பது அதற்கு இரண்டு வாரம் முன்பு நடந்த முதல் சுற்று ஆட்டம். மறுபடியும் வர்ஜீனியாதான் முதலிடம், எதிரே மறுபடியும் ஒரு 16ஆம் இடத்து அணி, கார்ட்னர்-வெப். முதல் பாதியில் வர்ஜீனியா 14 புள்ளி பின்னால். போன வருடத்துக் கதையேதான் என்று அரங்கம் முழுக்க நினைத்திருக்கும். அந்தப் பையன்கள் பதறவில்லை, அவசரப்பட்டுத் தூரத்திலிருந்து எறியவில்லை. தடுப்பாட்டத்தை இறுக்கி, ஒவ்வொரு புள்ளியாகச் சேர்த்து, 71-56 என்று முடித்தார்கள். கோப்பையை அவர்கள் சம்பாதித்தது அன்றைக்குத்தான் என்று நான் அடித்துச் சொல்வேன். ஒருமுறை அவமானப்பட்ட இடத்திலேயே திரும்ப வந்து நின்று, கை நடுங்காமல் வேலையைப் பார்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டு மறுபடி எழுதப் போகும் பிள்ளையைக் கேட்டால் தெரியும்.

எல்லோருக்கும் கோப்பை கிடைக்கும் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். 2023இல் முதலிடத்து பர்டூ அணி, 16ஆம் இடத்து ஃபேர்லி டிக்கின்சனிடம் 63-58 என்று இதேபோலத் தோற்றது. பர்டூவில் 7 அடி 4 அங்குல ஜாக் ஈடி. எதிரே, முதல் பிரிவு அணிகளிலேயே சராசரி உயரம் மிகக் குறைந்த அணி. அத்தனை கேலிக்குப் பிறகும் ஈடி தொழில்முறை ஆட்டத்துக்குப் போகாமல் கல்லூரிக்கே திரும்பினான். மறு ஆண்டு அணியை இறுதிவரை கொண்டுபோனான். இறுதியில் 37 புள்ளி எடுத்தும் கனெக்டிகட்டிடம் 75-60 என்று தோல்விதான். வர்ஜீனியா பையன்கள்மீது எனக்கு எவ்வளவு மரியாதையோ, அவன்மீதும் அவ்வளவே.